கழற்றி வைத்த மணி

நான் ஒரு குளிர்சாதன மெக்கானிக். பதினொரு வருட அனுபவம். ஒரு இயந்திரம் முனகினால் ஏன் முனகுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்பிப் பிழைப்பவன். அப்படிப்பட்டவன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், கைவசம் இருந்த காரணங்களையெல்லாம் போட்டுப் பார்த்து, ஒன்றும் பொருந்தாமல் போன பிறகுதான். இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்தது இல்லை. நேரங்களும் சரியானவை. இருட்டிலும் முள் ஒளிரும் என் கைக்கடிகாரம் அன்று நின்றுவிடவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு குளிர்பதனக் கிடங்கில். உறைய வைத்த இறைச்சி, மீன், காய்கறி எல்லாம் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும், ஏறும். மொத்தம் நான்கு அறைகள். மூன்றாவது அறைதான் பெரியது. உள்ளே எப்போதும் மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. கதவு ஒரு சாண் தடிமன். வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. அது தானாக விழாது. கையால் திருப்பி அழுத்த வேண்டும்.

உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் தப்பிக்க இரண்டு வழி. கதவின் உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். அதைத் தள்ளினால் வெளித் தாழ்ப்பாள் விடுபடும். அதுவும் முடியாவிட்டால் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் கதவுக்கு வெளியே மேலே மாட்டியிருக்கும் மணி அடிக்கும். மூன்றாவது அறையில் இரண்டுமே பழுது. ஏழு வாரமாகப் பழுது. பராமரிப்புப் பதிவேட்டில் மூன்று தடவை எழுதி வைத்தேன். மூன்று தடவையும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் மேலாளர்.

மேலாளர் வேறு யாருமில்லை. என் அக்காவின் கணவர். என் அத்தான்.

எனக்குப் பதினான்கு வயதில் அப்பா போய்விட்டார். அத்தான்தான் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, படிக்க வைத்து, வேலையும் வாங்கித் தந்தார். எங்கள் சபைக்கு அவர் செயலாளர். ஞாயிறு ஆராதனையில் நானும் அவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவோம். அவர் குரல் கணீரென்று இருக்கும். அவர் ஜெபம் பண்ணினால் கண் கலங்காதவர்கள் குறைவு. அப்பா இல்லாத குறை எனக்குத் தெரிந்ததே இல்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

கிடங்கில் லேபிள் ஒட்டும் வேலையில் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை ஆமென் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். யார் எதைச் சொன்னாலும் ஆமென் என்பார். டீ வேணுமா என்று கேட்டாலும் ஆமென். மழை வரும்போல இருக்கே என்றாலும் ஆமென். சில சமயம் எரிச்சலாக வரும். ஆனால் மனிதர் தங்கம்.

அவர் சாகும் அந்த வாரம்தான் அத்தான் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். தேதி முடிந்துபோன இருநூறு பெட்டி இறைச்சிக்குப் புதுத் தேதி போட்டு லேபிள் ஒட்ட வேண்டும். ஆமென் அண்ணன் அதற்கு மட்டும் ஆமென் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் 1.15. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார். மறுநாள் காலை உணவு ஆய்வு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கப்போகிறாராம். நானும் கூட வந்தால் சாட்சியாக இருக்குமாம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"எனக்கும் பயம் உண்டுப்பா. ஆனா ஒருத்தருக்குத்தான். அந்த ஒரு பயம் உள்ள வந்து உக்காந்துட்டா, மத்ததுக்கு இடமே இல்ல," என்றார்.

சரி, வருகிறேன் என்று சொன்னேன். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 7.40. முதல் லாரிக்குச் சரக்கு எடுக்க மூன்றாவது அறையைத் திறந்தார்கள். கதவுக்குப் பின்னால் ஆமென் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. உடம்பு முழுக்க வெள்ளையாகப் பனி.

முந்தின நாள் மாலை யாரோ அவர் உள்ளே இருப்பது தெரியாமல் தாழ்ப்பாளைப் போட்டிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். கணவர் வீட்டுக்கு வராததே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை அடக்கம். பெட்டியின் முன்பக்கத்தை அத்தான்தான் தோளில் தாங்கினார். குழிக்கு முன்னால் நின்று, தேம்பித் தேம்பி ஜெபம் பண்ணினார். நானும் அழுதேன். எனக்கு அழுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தான் என் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார். செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் குமிழையும் மணியையும் சரி செய்துவிட வேண்டும். அதோடு ஒரு தாளில் கையெழுத்தும் போட வேண்டும். புதன்கிழமை நான் இரண்டையும் சோதித்தேன், இரண்டும் வேலை செய்தன என்று அதில் இருந்தது. அப்படியானால் ஆமென் அண்ணன் செத்தது அவருடைய அஜாக்கிரதை என்றுதானே ஆகும் என்று இழுத்தேன்.

நான் எழுதி வைத்த பக்கங்கள் பதிவேட்டில் இப்போது இல்லை என்றார் அத்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"நீதான மெக்கானிக்? ஜெயிலுக்கு யாரு போவான்னு நெனைக்கிற?"

 வேலையை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவ்வளவுதான் என் தைரியம்.

அன்று மாலை 3.30க்குக் கிடங்குக்குப் போனேன். விடுமுறை நாள். கேட்டில் காவலர் மட்டும் இருந்தார். உள்ளே அத்தானும் நானும். 3.50க்கு ஏணி போட்டு, கதவுக்கு மேலே இருந்த பழைய மணியைக் கழற்றித் தாழ்வாரத்துத் தரையில் வைத்தேன். அந்தரத்தில் தொங்கிய இரண்டு கம்பிகளுக்கும் டேப் சுற்றினேன். புது மணி இன்னும் பெட்டியில்தான் இருந்தது. முதலில் குமிழைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

4.05. குளிர் அங்கியை மாட்டிக்கொண்டு, கதவுக்கு அடியில் மர ஆப்பைச் சொருகிவிட்டு உள்ளே போனேன். செல்போனை வெளியே என் கருவிப் பையிலேயே விட்டுவிட்டேன். உள்ளே எப்படியும் சிக்னல் இருக்காது.

"நான் இங்கயே நிக்கிறேன். நீ பாரு," என்றார் அத்தான்.

முதலில் என் கண்ணில் பட்டது தரை. மூன்று நாளில் தரை முழுக்கப் பனிப்பொருக்கு படிந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு இடத்தில் மட்டும் படியவில்லை. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு... காய்ந்து, சுத்தமாக இருந்தது.

கதவு இடுக்கில் காற்று அப்படி அடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குமிழின் மூடியைக் கழற்றினேன்.

4.18. பின்னால் ஏதோ தேய்கிற சத்தம்.

திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. டப்.

அப்புறம்... க்ளக். தாழ்ப்பாள்.

அத்தான் என்று கத்தினேன். அந்தக் கதவுக்கு வெளியே சத்தம் போகாது என்பது என்னைத் தவிர யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனாலும் கத்தினேன். இரண்டு கையாலும் குத்தினேன்.

4.19. விளக்கு அணைந்தது.

நெற்றியில் கட்டியிருந்த டார்ச்சைப் போட்டேன். ஒரு சின்ன வட்ட வெளிச்சம். அதற்குள் என் மூச்சு புகை புகையாகப் போய்க்கொண்டிருந்தது. குமிழைத் தள்ளினேன். உள்ளே உடைந்த ஸ்பிரிங் உரசியது. அவ்வளவுதான். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பிறகுதான் மணியை நானே கழற்றி வைத்தது ஞாபகம் வந்தது.

4.26. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே ஏதாவது கேட்கிறதா என்று கவனித்தேன்.

புகை நிற்கவில்லை.

நான் மூச்சு விடவில்லை. வாயை இறுக்க மூடியிருந்தேன். ஆனாலும் டார்ச் வெளிச்சத்தில், எனக்கு இரண்டடி தள்ளி, புகை வந்தது. நின்றது. வந்தது. நின்றது. யாரோ நிதானமாக மூச்சு விடுவது போல.

அந்தப் பனி படியாத இடத்துக்கு மேலே.

உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய வாய் உயரத்தில்.

நான் பின்னாலேயே நகர்ந்து பெட்டி அடுக்கில் போய் முட்டினேன்.

4.31. அறையின் கடைசியிலிருந்து ஒரு சத்தம்.

டிக்... சர்ர்... டக்.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். லேபிள் ஒட்டும் கருவி. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்ட சத்தம்.

டிக்... சர்ர்... டக்.

அடுத்த பெட்டி.

டிக்... சர்ர்... டக்.

கிட்டே வந்துகொண்டிருந்தது.

டார்ச் மங்கியது. குளிரில் பேட்டரி இறங்கிவிடும். தட்டிப் பார்த்தேன். இன்னும் மங்கியது.

4.38. அணைந்தது.

இருட்டு.

சத்தமும் நின்றது. என் முகத்துக்கு நேராக நின்றது.

அடுத்து நான் தரையில் இருந்தேன். மண்டியிட்டேனா, விழுந்தேனா தெரியாது. அந்த இருட்டில் எனக்கு முதலில் வந்தது செத்தவரைப் பற்றிய பயம். அதற்குக் கீழே இன்னொரு பயம். அத்தானைப் பற்றி, ஜெயிலைப் பற்றி. இந்த இரண்டுக்கும் அடியில், இத்தனை நாள் நான் எட்டிப் பார்க்காத இடத்தில், மூன்றாவதாக ஒன்று இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நான் வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். வியாழக்கிழமையும் பார்த்தவர். இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவர்.

பல் கிட்டித்துப்போய் வார்த்தை வரவில்லை. இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"ஆண்டவரே... நான்தான் சொன்னேன். அன்னைக்கு சாயந்தரம் நான்தான் அத்தான்கிட்டப் போய்ச் சொன்னேன். அண்ணன் நாளைக்கு ஆபீசுக்குப் போறாருன்னு. கூட வரேன்னு வாக்குக் குடுத்துட்டு, பயந்துபோய்க் காட்டிக் குடுத்துட்டேன். இனிமே மனுஷனுக்குப் பயந்து பொய் சொல்ல மாட்டேன். நான் இங்கேயே செத்தாலும் சரி. உமக்கு முன்னால நிக்கணும். அது போதும்."

ஆம். வியாழக்கிழமை 5.10க்கு அதைத்தான் செய்தேன். அத்தான் கூப்பிட்டு நல்லபடியாகப் பேசி முடித்துவிடுவார் என்று நம்பினேன். என்னை வளர்த்தவர் இல்லையா.

சொல்லி முடித்தேன். ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் வேறு ஒருவர் சொன்னார்.

"ஆமென்."

காதுக்குப் பக்கத்தில். மெதுவாக. எப்போதும் சொல்வது போல.

என் முடியெல்லாம் நட்டுக்கொண்டது. ஆனால்... இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயம் இறங்கிவிட்டது. தண்ணீர் வடிவது போல இறங்கியது. அந்த இருட்டில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

4.47. வெளியே மணி அடித்தது.

ஒரு சாண் கதவையும் தாண்டி, சன்னமாக, விடாமல் அடித்தது.

4.52க்குக் கதவு திறந்தது. காவலர் நின்றார். மூச்சு வாங்கியது. கேட் வரைக்கும் மணி கேட்டதாம், நிற்கவே இல்லையாம், அதனால்தான் ஓடி வந்தாராம். நான் தரையைக் காட்டினேன். நான் கழற்றிய மணி, வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. மேலே இரண்டு கம்பிகள். டேப்கூட அவிழவில்லை.

"அப்ப எது தம்பி அடிச்சுது?" என்றார் காவலர்.

மர ஆப்பைத் தேடினேன். கதவுப் பக்கம் இல்லை. செத்தவர்தான் என்னை உள்ளே வைத்துப் பூட்டினார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அலுவலக அறைக்குப் போனேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து சுடச்சுடக் காபி குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் அந்தத் தாள். தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்திருந்தது... என் மர ஆப்பு.

நான் செத்துவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் எத்தனை நிமிடம் வைத்தால் நான் பணிவேன் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். பதினான்கு வயதில் இந்தக் கைதான் என்னைக் கைப்பிடித்து அழைத்து வந்தது. அது இப்போது ஒரு பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டியது. முகத்தில் கோபம்கூட இல்லை.

"பயந்துட்டியா? சரி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. அக்கா சாப்பாடு வச்சிருப்பா."

மணி அடித்தது அவர் காதில் விழவே இல்லை. கேட் வரைக்கும் கேட்ட மணி, முப்பதடி தள்ளி உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கவில்லை.

"முடியாது அத்தான்," என்றேன்.

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது அதுதான். என் உடம்பு குளிரில் வெடவெடவென்று நடுங்கியது. குரல் நடுங்கவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம் திட்டினார், அப்புறம் அக்காவை நினைத்துப் பார்க்கச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. காவலரும் என்னோடு கேட் வரைக்கும் வந்தார். 

செவ்வாய் வரை காத்திருக்கவில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு அதிகாரி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள் விஷயம், கிழித்த பக்கங்கள், வியாழக்கிழமை நான் காட்டிக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. பிறகு ஆமென் அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடமும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அத்தானைக் கைது செய்தார்கள். அக்கா இன்று வரைக்கும் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டவரைக் காட்டிக் கொடுத்தவன் என்றுதான் சபையில் பேச்சு. நான் உட்காரும் வரிசையில் யாரும் உட்காருவதில்லை. பாட்டுப் புத்தகத்தை நான் ஒருவனாகவே பிடித்துக்கொள்கிறேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யாரைப் பார்த்தும் பயமில்லை. மேலே ஒருவரைத் தவிர.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் கழித்து அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

அத்தான் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை 6.05க்கு ஆமென் அண்ணனை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டது அவர்தான். சாகடிக்க இல்லையாம். பயம் காட்டத்தானாம். 7.20க்குத் தானே போய்க் கதவைத் திறந்துவிட்டாராம். ஆமென் அண்ணன் எழுந்து, அவர் முன்னாலேயே வெளியே நடந்து போனாராம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினாராம். காலையில் உடம்பு உள்ளே எப்படி வந்தது என்று அவருக்கு இன்னும் புரியவில்லையாம்.

சுத்தப் பொய் என்றேன்.

அப்படித்தான் நானும் நினைத்தேன் என்றார் அதிகாரி.

ஆமென் அண்ணனின் நெஞ்சுக்குள் இதயத்தைத் துடிக்க வைக்கும் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்களாம். அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் குளிர் அறை வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். அவருக்கும் அப்படி ஒரு பயம் இருந்திருக்கிறது, பாவம். இதயம் எப்போது நின்றது என்பது அந்தக் கருவியில் பதிவாகியிருந்தது. வியாழக்கிழமை மாலை 6.41.

பிறகு அதிகாரி ஒரு பழைய நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். வாசல் வருகைப் பதிவேடு. வீட்டுக்குப் போகும்போது அவரவரே நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். காவலர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து போட்ட கையெழுத்தாம் அது. அதைப் பார்த்துத்தான், எல்லாரும் போய்விட்டார்கள் என்று அவர் கேட்டைப் பூட்டியிருக்கிறார். கையெழுத்து நிபுணர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஆமென் அண்ணனுடையதுதான். சந்தேகமே இல்லை.

வெளியேறிய நேரம்: 7.24.

அந்த ஒரு வரியில் மட்டும் மை கலைந்திருந்தது. பனிக்கட்டி உருகிச் சொட்டியது போல.